மோட்டார்ப் புகையும் சர்க்கார் கடமையும்

நமது ஜனங்களிடத்தில் வெகுகாலமாய் ஒரு குணமிருந்து வருகின்றது. அதாவது, கண்ணுக்குத் தெரிகின்ற கெடுதிக்கு மாத்திரமே காரணமும் பரிகாரமும் தேடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கெடுதியாயிருந்தால் அதைத் தலைவிதியென்றும், கிரகக் கோளாறென்றும், போன ஜன்மத்துப் பாவமென்றும் சொல்லிச் சும்மா இருந்துவிடுவார்கள். ஒருவன் வயலுக்குப் பாயும் வாய்க்காலை மற்றொருவன் அடைத்துவிட்டால் அன்றைக்கே பஞ்சாயத்துக் கூடுகின்றது; போலீசு வருகின்றது; கோர்ட்டு ஏறுகின்றார்கள். ஊர் குடிக்கிற கிணற்றில் ஒருவன் சாணியைக் கரைத்துவிட்டால் ஊரே திரண்டு அவனை உண்டு இல்லை என்று பார்த்துவிடும். ஆனால் ஒவ்வொரு மனிதனும் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தரத்துக்குக் குறையாமல் உள்ளே இழுத்தாக வேண்டிய காற்றில் விஷத்தைக் கரைத்துக்கொண்டு போனால் மாத்திரம் கேட்பார் கிடையாது. இருமல் வந்தவனுக்கு வேப்பிலை அடிக்கின்றார்கள். மூச்சிரைப்பு வந்த குழந்தைக்குத் தாயத்துக் கட்டுகின்றார்கள். நெஞ்சடைத்துச் செத்தவனுக்கு “ஆயுள் அவ்வளவுதான்” என்று சொல்லித் திவசம் கொடுக்கின்றார்கள். புகை விட்டவன் யார், அதை விடும்படி அனுமதித்தவன் யார் என்று கேட்பதில்லை.

ஆகவே இன்று நாம் மோட்டார் வண்டிகளின் புகையைப் பற்றியும், அதைக் குறைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றியும் கொஞ்சம் எழுத எண்ணுகின்றோம். ஊர் பேர் தெரியாமல் பொதுவாய்ப் பேசுவதைவிட ஓர் ஊரை வைத்துப் பேசினால் விஷயம் விளங்குமாதலால், கூடலூரை எடுத்துக் கொள்ளுகின்றோம். நாம் சொல்லுவது நீலகிரிக் கூடலூரை அல்ல. தேனி ஜில்லாவில், கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில், குமுளி மலையடிவாரத்திலிருக்கின்ற கூடலூரையே சொல்லுகின்றோம்.

கூடலூரின் நிலைமை

தேனியைக் குமுளி வழியாகக் கேரளத்துடன் இணைக்கின்ற 183-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை கூடலூர் வழியாகப் போகின்றது. காய்கறியும், பாலும், ஜல்லியும், எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் இந்தப் பக்கமிருந்து மலையேறுகின்றன. தேக்கடிக்குப் போகின்ற உல்லாசக்காரர்களின் கார்கள் போகின்றன. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சபரிமலைக்குப் போகின்றவர்களின் வண்டிகள் தமிழ்நாட்டிலிருந்து மாத்திரமல்லாமல் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகத்திலிருந்தும் வரிசை வரிசையாய்ப் போகின்றன. இவையெல்லாம் போகட்டும். விடிவதற்கு முன்னாலேயே ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகின்ற ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை, அவர்களில் பெரும்பாலார் பெண்கள், அடைத்துக்கொண்டு ஜீப்புகள் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மூன்று மலைச்சாலைகளிலும் ஏறுகின்றன. பொழுது சாய்ந்தால் அதே மாதிரி இறங்குகின்றன.

சமதரையில் ஓடுகின்ற வண்டியைவிட மலையேறுகின்ற வண்டி அதிக எண்ணெய் குடிக்கும் என்பதை டிரைவர் ஒருவரைக் கேட்டாலே சொல்லுவார். கீழ் கியரில், பாரம் மிஞ்சி, பழைய எஞ்ஜின் முக்கி முனகி ஏறுகின்றபோது டீசல் சரியாய் எரியாமல் கரியாய் வெளியே வருகின்றது. இறங்குகின்றபோதோ பிரேக்குத் தேய்மானத்தின் தூளும் டயர்த் தூளும் பறக்கின்றன. பள்ளத்தாக்கின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலையும். பனிக்காலத்து விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனத்துத் தரையோடு படிந்துகொள்ளும். மேலேயிருக்கும் வெதுவெதுப்பான காற்று அதற்கு மூடி போட்டதுபோல் நிற்கும். அப்போது கிளம்பிய புகை மேலே போக வழியில்லாமல், சட்டிக்குள் மூடிய ஆவியைப்போல் ஊருக்குள்ளேயே சுற்றும். தொழிலாளிகள் வேலைக்குக் கிளம்புகின்ற நேரமும் அதுதான். சபரிமலைக் கூட்டம் வருகின்ற காலமும் அதுதான். இது எந்தச் சனீஸ்வரனுடைய பார்வையாலும் வருவதல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லி விளங்க வைக்கக்கூடிய சாதாரணச் சங்கதி.

புகை என்ன செய்கின்றது?

கறுப்பாய்த் தெரிகின்ற புகையைவிடத் தெரியாத புகையே அதிகக் கெடுதியானது. மனிதத் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும், அதற்குக் கீழும் உள்ள தூள்கள் மூக்கு மயிருக்கும் தொண்டைச் சளிக்கும் தப்பி, நுரையீரலின் அடி வரையில் போகின்றன. அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இதனால் ஆஸ்த்துமா மாத்திரமல்ல, மாரடைப்பும், பக்கவாதமும், நுரையீரல் புற்றுநோயும் வருகின்றன என்பது இன்று வைத்திய சாஸ்திரம் ஐயமறக் கண்ட முடிவு. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிச் சபை 2012-இல் தீர்மானித்து, புகையிலை இருக்கின்ற அதே முதல் ஜாபிதாவில் அதையும் சேர்த்துவிட்டது. வீட்டுக்குள்ளும் வெளியிலுமாகக் கெட்ட காற்றினால் வருஷம் ஒன்றுக்குச் சுமார் 70 லட்சம் பேர் உலகத்தில் அகால மரணமடைகின்றார்களென்பது அந்த ஸ்தாபனத்தின் கணக்கு. எந்தக் காளராத்திரியிலும் எந்த யமனும் இத்தனை பேரைக் கொண்டுபோனதாய்ப் புராணம் எழுதினவனுக்குக்கூடத் துணிச்சல் வரவில்லை.

மனிதனோடு நிற்பதில்லை. வண்டிப் புகையிலுள்ள சில வாயுக்கள் வெயிலில் ஒன்றுகூடித் தரையோரத்தில் ஓசோன் என்ற மற்றொரு விஷமாகின்றன. அது இலையைச் சுட்டு விளைச்சலைக் குறைக்கும். அதைத் தாங்கமாட்டாத பயிர்களில் திராட்சை ஒன்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையை நம்பிப் பிழைக்கின்ற குடியானவனுக்கு இதில் சம்பந்தமில்லையென்று யார் சொல்ல முடியும்? ஆதலால் ஊரைச் சுற்றிப் பைபாஸ் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பவர்களுக்கும் சொல்லுகின்றோம். பைபாஸினால் தெருவில் நெரிசல் குறையும், அது நல்லதே. ஆனால் புகை தெருவை விட்டுத் தோட்டத்துக்குப் போகுமேயல்லாது, இல்லாமற் போய்விடாது.

யார் விடுவது? யார் குடிப்பது?

இனி, இந்தப் புகையை விடுகின்றவன் யார், குடிக்கின்றவன் யார் என்று பார்ப்போம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ச்சி இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு தேக்கடிக்குப் போகின்ற கனவான் விடுகின்றான். ஆனால் அவன் குடிப்பது குறைவு. சாலையோரத்தில் டீக்கடை வைத்திருப்பவன் குடிக்கின்றான். பூக் கட்டி விற்கிறவள் குடிக்கின்றாள். வெயிலில் நின்று கை காட்டுகின்ற போலீஸ்காரன் குடிக்கின்றான். ரோட்டுக் கூலி குடிக்கின்றான். நடந்து பள்ளிக்கூடம் போகின்ற பிள்ளை குடிக்கின்றது. எல்லாரையும்விட அதிகமாய்க் குடிக்கின்றவள், பின்பக்கம் திறந்த ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராய் உட்கார்ந்து, முன்னால் போகிற லாரியின் புகையை முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டு, தினம் இரண்டு வேளை மலையேறி இறங்குகின்ற ஏலத்தோட்டத்துப் பெண். அவளுக்குக் காருமில்லை, பைக்குமில்லை. வண்டியே இல்லாதவள்தான் வண்டிப் புகைக்கு முதல் பலி.

“காற்றுக்கு ஜாதி உண்டா?” என்று அழகாய்க் கேட்பார்கள். காற்றுக்கு ஜாதியில்லை, வாஸ்தவந்தான். ஆனால் யார் எங்கே குடியிருப்பது, யார் எந்த வேலை செய்வது, யார் வண்டிக்கு உள்ளே, யார் வண்டிக்குப் பின்னால் என்பதையெல்லாம் ஜாதியும் பணமுமே தீர்மானிக்கின்ற நாட்டில், கெட்ட காற்றும் அந்த வரிசைப்படியேதான் பங்கு போடப்படுகின்றது. ஆகவே இது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்குப் பேச்சல்ல. ஏழையின் உயிரைப் பற்றிய விஷயம். சுயமரியாதையைப் பற்றிய விஷயம்.

உபதேசம் போதுமா?

இதற்குப் பரிகாரமாய்ச் சில பெரியவர்கள், “ஒவ்வொருவரும் தாங்களே திருந்த வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் வண்டியை எடுக்காதிருக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு மரம் நட வேண்டும்” என்று உபதேசம் செய்கின்றார்கள். மரம் நடுவதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி கொடுத்துவிட்டு யானைக்கு விருந்து வைத்ததாய்ச் சொல்லிக் கொள்ளக்கூடாது என்கின்றோம். பஸ்ஸே இல்லாத ஊரில் “பைக்கை எடுக்காதே” என்றால் அவன் எப்படி வேலைக்குப் போவான்? தீண்டாமையை உபதேசத்தினால் ஒழித்துவிடலாமென்று சொன்னவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். சட்டம் வந்து, தண்டனை வந்து, உரிமையைக் கேட்கின்றவனுக்குத் துணிவு வந்த பிறகல்லவா கொஞ்சமாவது அசைந்தது?

பெட்ரோலில் ஈயம் கலந்த கதையையே எடுத்துக்கொள்வோம். எஞ்ஜின் தட்டாமல் ஓடவேண்டுமென்பதற்காக 1923 முதல் பெட்ரோலில் ஈய மருந்து கலந்து விற்றார்கள். அந்த ஈயம் புகையோடு வந்து குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. எந்த வண்டிக்காரனாவது முகர்ந்து பார்த்து, இதில் ஈயமிருக்கின்றதென்று கண்டுபிடித்து வேண்டாமென்று சொல்லியிருக்க முடியுமா? சர்க்கார்கள் உத்தரவு போட்டு, எண்ணெய் சுத்தம் செய்கின்ற ஆலையிலேயே நிறுத்தின பிறகுதான் நின்றது. இந்தியாவில் 2000-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நின்றது. உலகத்திலேயே கடைசியாய் அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. கோடிக்கணக்கான பேருக்குக் கோடி உபதேசம் செய்தாலும் நடக்காத காரியத்தை, ஆலை வாசலில் ஒரே ஒரு உத்தரவு நடத்திவிட்டது. அதேபோல் 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற விதி வந்தபோது, டீசலிலும் பெட்ரோலிலும் இருக்கலாமென்றிருந்த கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காய்க் குறைந்தது. கூடலூர் பங்க்கில் எண்ணெய் போட்ட எந்த ஜீப்புக்காரரும் அதற்காக ஒரு விரதமும் இருக்கவில்லை.

லண்டன் பட்டணத்தில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் கரிப்புகை மூடி, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அங்கேயும் முதலில் பனியென்றும் குளிரென்றும் சளிக் காய்ச்சலென்றுமே சொன்னார்கள். பிறகு 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் செய்தார்கள், கரியடுப்புகள் போயின. கரிக்குப் பதிலாய் மோட்டார்ப் புகை வந்து சேர்ந்தபோது, 2003-இல் பட்டணத்தின் நடுவே கார் ஓட்டி வருகிறவனுக்கு வரி போட்டார்கள். அதில் வந்த பணத்தைப் பஸ்ஸுக்குச் செலவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் இந்த மாதிரி வரியை 1975-லேயே கொண்டு வந்துவிட்டார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிப் பிழைக்கின்ற அந்தச் சின்னஞ்சிறு தேசத்தில் நடக்கக் கூடியது இங்கே ஏன் நடக்கக்கூடாது?

டில்லி தரும் படிப்பினை

நமது நாட்டிலேயே டில்லியின் உதாரணமிருக்கின்றது. வக்கீல் எம். சி. மேத்தா 1985-இல் போட்ட வழக்கில், 1998 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, டில்லி நகரத்து பஸ்களெல்லாம் டீசலை விட்டு சி.என்.ஜி. என்ற வாயுவில் ஓட வேண்டுமென்று தீர்ப்புச் சொல்லி, 2001 மார்ச்சு வரை தவணையும் கொடுத்தது. அதிகாரிகள் தவணை கேட்டார்கள், முதலாளிகள் முடியாதென்றார்கள், நிபுணர்களென்று பேர் வைத்துக்கொண்ட சிலர் ஆபத்தென்றார்கள். கோர்ட்டு 2002 ஏப்ரலில் தாமதத்திற்குத் தினப்படி அபராதம் போட்டது. அந்த வருஷக் கடைசிக்குள் நகரத்து பஸ்களிலிருந்து டீசல் போய்விட்டது. முடியாது, முடியாது என்று சொல்லப்பட்ட காரியம், அபராதம் என்ற ஒரு வார்த்தையில் முடிந்துபோயிற்று.

ஆனால் அதோடு நின்றதுதான் தவறு. பஸ்ஸின் எண்ணெயை மாற்றினார்களே தவிர, வேண்டிய அளவுக்குப் பஸ்ஸைப் பெருக்கவில்லை. அதனால் காரும் பைக்கும் லட்சக்கணக்கில் பெருகி, சம்பாதித்த நன்மையில் பெரும்பங்கைத் தின்றுவிட்டன. இன்று டில்லியின் மார்கழி எப்படியிருக்கின்றதென்று உலகமே அறியும். இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், ஒவ்வொரு வண்டியின் புகையையும் குறைப்பது ஒரு பாதி வேலை. வண்டிகளின் எண்ணிக்கையே குறையும்படி பொது வண்டிகளைப் பெருக்குவது மற்றப் பாதி வேலை. ஒரு பாதியை மாத்திரம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதேயாகும்.

சட்டம் இருக்கின்றது, செய்கை எங்கே?

நமது சர்க்காருக்கு அதிகாரமில்லையா என்றால், ஏராளமாய் இருக்கின்றது. 1981-ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, மோட்டார்ப் புகையின் அளவு விஷயமாய் மாநில சர்க்கார் ரிஜிஸ்தர் அதிகாரிகளுக்கு உத்தரவு போடலாம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி, இன்ன சாலையில் இன்ன வண்டி இன்ன நேரத்தில் போகக் கூடாதென்று தடுக்கலாம். புகை மிஞ்சினால் 10,000 ரூபாய் வரை அபராதமென்று 2019-இல் திருத்தமும் வந்துவிட்டது.

ஆனால் நடைமுறையில் நடப்பதென்ன? புகைச் சர்டிபிகேட்டென்று ஒரு காகிதம் கொடுக்கின்றார்கள். டீசல் வண்டியாயிருந்தால், நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் புகை எவ்வளவு கறுப்பு என்று மாத்திரம் பார்க்கின்றார்கள். அதே வண்டி பாரத்தோடு குமுளி மலையேறுகின்றபோது என்ன கக்குகின்றதென்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. சோதனை போடுகின்றவனுக்குக் கூலி கொடுப்பவனும் வண்டிக்காரனே. வேலிக்கு ஓணான் சாட்சி! வண்டிக்காரர்களோ, முன்னால் எலுமிச்சம் பழமும் பச்சை மிளகாயும் கட்டத் தவறுவதில்லை. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பூசி, பூசணிக்காய் உடைக்கத் தவறுவதில்லை. ஏர் பில்டரை மாற்றவும் நாசிலைச் சரிபார்க்கவும் மாத்திரம் தவறிவிடுகின்றார்கள். எலுமிச்சம் பழத்துக்குக் கொடுக்கின்ற காசை வருஷமெல்லாம் சேர்த்து வைத்தாலே ஒரு பில்டர் வாங்கிவிடலாமே!

மற்றொன்று. தேசியச் சுத்தக் காற்றுத் திட்டமென்று மத்திய சர்க்கார் 2019-இல் ஒன்றை ஆரம்பித்தது. அதில் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்ட ஊர்கள் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கே. கூடலூர்க்காரனுக்கும் கம்பத்துக்காரனுக்கும் நுரையீரலில்லையா? பெரிய பட்டணத்துக்கு வெளியே உள்ளதெல்லாம் கிராமம், கிராமமென்றால் சுத்தமான காற்று என்கின்ற எண்ணம், அக்கிரகாரத்தைத் தவிர மற்றதெல்லாம் சேரி என்ற எண்ணத்துக்குத் தம்பியே தவிர வேறல்ல. அளந்தால்தானே தெரியும்? தெரிந்தால்தானே கேட்க முடியும்?

பள்ளத்தாக்குக்கு வேண்டியவை

இனி, கம்பம் பள்ளத்தாக்கில் செய்யக்கூடியவை என்ன என்று பார்ப்போம். நாம் ஆகாயத்திலிருந்து எதையும் கேட்கவில்லை.

முதலாவது, தோட்டத் தொழிலாளிகளுக்குப் பஸ் விட வேண்டும். தமிழ்நாட்டில் 1972 முதல் சர்க்கார் பஸ் கழகங்களை ஏற்படுத்தினார்கள்; மதுரைச் சீமைக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அதனால் மற்ற மாநிலத்தார் கண்டு ஆச்சரியப்படும்படி குக்கிராமத்துக்கெல்லாம் பஸ் போயிற்று. 2021 மே முதல் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லையென்று செய்தார்கள். இவ்வளவு செய்த நாட்டில், எல்லைக்கு அப்பால் வேலைக்குப் போகின்ற பெண்ணுக்கு மாத்திரம் ஜீப்பே கதி என்பது நியாயமா? இரண்டு மாநில சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, வேலை நேரத்துக்கேற்ப எஸ்டேட்டு வாசல்வரை சிறிய பஸ் விடட்டும். அவளுடைய உழைப்பினால் இலாபமடைகின்ற தோட்ட முதலாளிகளும் அந்தச் செலவில் பங்கு கொடுக்கட்டும். ஒரு பஸ் நான்கைந்து ஜீப்புகளின் ஜனத்தைச் சுமக்கும். புகையும் குறையும், பாரம் மிஞ்சி ஜீப்பு பள்ளத்தில் உருண்டு சாகின்ற கொடுமையும் குறையும்.

இரண்டாவது, சபரிமலை வண்டிகள். பக்தி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. நமது அபிப்பிராயம் வாசகர்களுக்குத் தெரியும். கூட்டம் அதிகமான நாட்களில், கம்பம் மெட்டு வழியாய்ப் போவது, குமுளி வழியாய்த் திரும்புவது என்று அதிகாரிகள் ஒருவழி ஏற்பாடு செய்கின்றார்கள். கேரளத்திலோ 2018 வெள்ளத்துக்குப் பிறகு, பம்பை வரையில் போய்க்கொண்டிருந்த சொந்த வண்டிகளை நிலக்கல்லிலேயே நிறுத்தி, அங்கிருந்து சர்க்கார் பஸ்ஸில் ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். அதற்காக ஐயப்பன் கோபித்துக்கொண்டதாய் ஒரு சேதியும் இல்லை. பம்பைக்குப் பக்கத்தில் செய்யக்கூடியதைத் தேனியில் ஏன் செய்யக்கூடாது? மதுரை–போடி இரயில், 1928-இல் வந்த பழைய பாதை, 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தப்பட்டு, பதினோரு வருஷத்துக்கு மேல் ஜனங்களையெல்லாம் ரோட்டில் விட்டது. 2022 மேயில் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி வந்திருக்கின்றது. கூட்டக் காலத்தில் தேனிக்கு அதிக இரயில்கள் விட்டு, அங்கிருந்து குமுளிக்குத் தொடர்ச்சியாய்ப் பஸ் விட்டால், சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்துக்கு ஆயிரக்கணக்கான கார்கள் வராமலே போகும். அந்த இரயிலை லோயர்கேம்ப் வரையில் நீட்ட வேண்டுமென்பதும் இப்பள்ளத்தாக்கு ஜனங்களின் வெகுநாளையக் கோரிக்கை. சாமான் ஏற்றுவதிலும், ஒரு டன் பாரத்தை லாரி இழுக்கச் செலவாகும் எண்ணெயில் சிறு பங்கே இரயிலுக்குப் போதும்.

மூன்றாவது, மின்சார பஸ். சென்னையில் 2025 ஜூன் கடைசியில் 120 மின்சார பஸ்களை ஓட்ட ஆரம்பித்தார்கள். சந்தோஷம். ஆனால் மின்சாரம் பிறக்கின்ற இடம் எது? கூடலூருக்குப் பக்கத்தில், லோயர்கேம்பில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி, சுமார் 160 மெகாவாட் சக்தியுள்ள பெரியாறு மின்நிலையத்தைச் சுழற்றுகின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்சார பஸ் மலையேற்றத்தையும் சேர்த்து கிலோ மீட்டருக்கு இரண்டு யூனிட் தின்னுவதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பஸ் தினம் 200 கிலோ மீட்டர் ஓடினால் 400 யூனிட். நூறு பஸ்ஸுக்கு 40,000 யூனிட். லோயர்கேம்ப் நிலையம் முழுச் சக்தியில் ஓடினால் இதைக் கால் மணி நேரத்தில் உண்டாக்கிவிடும். அணையில் தண்ணீர் குறைகின்ற காலமும் உண்டுதான். அதற்கும் கம்பம் கணவாய்க் காற்றில் சுழல்கின்ற காற்றாலைகள் தேனி ஜில்லாவிலேயே இருக்கின்றன. “மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகின்றது, புகையைத் தூத்துக்குடிக்கு மாற்றினதுதானே மிச்சம்?” என்று சிலர் கேட்பது மற்ற இடங்களுக்கு நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீரிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கின்ற இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்குப் பலம் குறைவு. மலையிறங்குகின்றபோது மின்சார பஸ், பிரேக்கு பிடிக்கின்ற சக்தியைக் கொஞ்சம் மின்சாரமாய்த் திருப்பிச் சேர்த்துக்கொள்ளும் என்பதும் மலைச்சாலைக்கு ஒரு தனி இலாபம். இப்படியிருக்க, மின்சாரம் இங்கே, மின்சார பஸ் சென்னையில் என்பது, பால் கறக்கின்றவன் வீட்டுப் பிள்ளை கஞ்சித் தண்ணீர் குடிக்கின்ற கதையல்லவா?

நான்காவது, கூடலூரிலோ கம்பத்திலோ காற்றை ஓயாமல் அளக்கின்ற கருவி வைத்து, அளவைப் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்கும்படி எழுதிப் போட வேண்டும். மலையடிவாரத்தில் பாரத்தோடு வருகின்ற வண்டிகளை நிறுத்திச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை வண்டிக்காரனிடம் காசு வாங்காத ஆட்கள் செய்ய வேண்டும்.

ஏழையின் பிழைப்பு

“இதெல்லாம் செய்தால் ஜீப்பு ஓட்டிப் பிழைக்கிறவன் என்ன செய்வான்?” என்று கேட்கலாம். இது கேட்க வேண்டிய கேள்விதான். கடன் வாங்கி ஜீப்பு வாங்கி, தவணை கட்டிக்கொண்டிருக்கின்றவனும் தொழிலாளியே. அவனை ஒரே நாளில் தெருவில் நிறுத்த வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. முதலில் பஸ் வரட்டும். பிறகு பழைய வண்டிகளுக்குத் தவணை வைத்துத் தடை வரட்டும். மின்சார வேன் வாங்க ஜீப்புக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சர்க்கார் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கட்டும். புதிய பஸ்களுக்கு டிரைவராய் அவர்களையே முதலில் எடுக்கட்டும். மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் ஏழையின் பிழைப்பைச் சாக்காய்க் காட்டி ஏழையின் மூச்சையே நிறுத்துவது எந்த நியாயத்திலும் சேராது. கள்ளுக்கடையை மூடினால் கடைக்காரன் பிழைப்பென்ன என்றும், தேவதாசி முறையை ஒழித்தால் அவர்கள் பிழைப்பென்ன என்றும் அன்று கேட்டவர்கள், உண்மையில் ஏழையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அல்ல என்பது நமக்குத் தெரியும்.

முடிவாக

கூடலூர் ஜனங்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தி முடிக்கின்றோம். நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உங்கள் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கின்ற பெரியாறு அணை எப்படி வந்தது? மழைக்காக வருணஜபம் செய்ததனால் வந்ததா? மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆற்றைத் திருப்பலாமென்று மனிதன் எண்ணினான். 1886-இல் சர்க்காருக்குச் சர்க்கார் ஒப்பந்தம் எழுதினார்கள். பென்னிகுக் என்ற இஞ்சினீயர் வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் போராடிக் கட்டினார். 1895-இல் மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. அவருக்கு 2013-இல் லோயர்கேம்பில் மணிமண்டபமும் எழுப்பியிருக்கின்றீர்கள். ஆற்றின் போக்கே தலைவிதியல்லவென்று காட்டின இடத்தில் வாழ்ந்துகொண்டு, புகையின் போக்கு மாத்திரம் தலைவிதியென்று உட்கார்ந்திருக்கலாமா?

தண்ணீருக்காகக் கட்சி பேதம், ஜாதி பேதமில்லாமல் கூடுகின்ற பள்ளத்தாக்கு இது. தண்ணீரில்லாமல் சில நாளாவது உயிரோடிருக்கலாம். காற்றில்லாமல் சில நிமிஷம்கூட இருக்க முடியாது. ஆகவே, கூடலூர் முனிசிபாலிட்டி மெம்பர்களிடத்திலும், சட்டசபை மெம்பரிடத்திலும், பார்லிமெண்டு மெம்பரிடத்திலும், அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகின்ற ஒவ்வொருவரிடத்திலும், “எங்கள் பெண்களுக்கு எஸ்டேட்டு வரையில் பஸ் எங்கே? கூட்டக் காலத்துக்கு இரயில் எங்கே? எங்கள் ஊர் மின்சாரத்தில் ஓடும் வண்டி எங்கே? எங்கள் ஊர்க் காற்றின் கணக்கு எங்கே?” என்ற இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லாதவனுக்கு மாலை போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.